ரெனே மோன்டோயாவை எந்த வரிசையில் படிப்பது

பேட்மேன் காமிக்ஸில் வருகிற ரெனே மோன்டோயாவைப் பற்றி யாராவது சொல்லிக் கேள்விப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த முகமில்லாத படத்தைத்தான். நீளக் கோட்டு, தலையில் தொப்பி, கண்ணும் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். அந்த வேடத்துக்கு 'தி கொஸ்டின்', அதாவது 'கேள்வி', என்று பெயர். டொமினிகன் குடும்பத்துப் பெண், லெஸ்பியன், பேட்மேனின் ஊரான கோத்தம் நகரத்துக்காரி. "இவள் முகமூடி போட்டு வருகிற புத்தகம் எது, அதைக் கொடுங்கள்" என்பார்கள். நான் கொடுப்பதில்லை. முதலில் அவள் போலீஸ்காரியாக இருந்த கதையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அந்த முகமூடி எதை மூடுகிறது என்று தெரியாமல் அதைப் பார்ப்பதில் பாதி ருசி போய்விடும்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டு மாடியில் ஒரு அலமாரி நிறைய காமிக்ஸ் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு இரவல் தருவேன். இந்தப் பெண்ணின் புத்தகங்கள்தான் அதிகம் வெளியே போய், அதிகம் நைந்து திரும்பி வருபவை. சிலர் துப்பறியும் கதைக்காக எடுத்துப் போகிறார்கள். சிலர் வேறு காரணத்துக்காக எடுத்துப் போகிறார்கள், நான் கேட்பதில்லை. இரண்டு வகையினருக்கும் நான் சொல்கிற வரிசை ஒன்றுதான்.

மோன்டோயா காமிக்ஸில் பிறந்தவள் இல்லை. 1992இல் வந்த பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக பால் டினி, புரூஸ் டிம், மிட்ச் பிரையன் மூவரும் உருவாக்கிய பாத்திரம். தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பே காமிக்ஸில் தலைகாட்டிவிட்டாள், பேட்மேன் 475ஆம் இதழில். அதன்பின் பல வருடங்கள் கமிஷனர் கார்டனுக்குப் பக்கத்தில் நிற்கிற, சந்தேக ஆளைப் பிடித்து வருகிற துணைப் பாத்திரம், அவ்வளவுதான். அந்த இதழ்களைத் தேடி அலைய வேண்டாம். அவள் உண்மையாக உயிர் பெறுவது 1999இல், 'நோ மேன்ஸ் லேண்ட்' என்ற பெரிய தொடர்கதைக் காலத்தில்.

நிலநடுக்கத்தில் இடிந்த கோத்தமை அமெரிக்க அரசு கைகழுவிவிடுகிறது. நகரத்தை ரவுடிக் கூட்டங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவர்களில் ஒருவன் டூ-ஃபேஸ். முன்பு ஹார்வி டென்ட் என்ற பெயரில் அரசு வழக்கறிஞராக இருந்தவன், அமிலத்தில் பாதி முகம் வெந்தவன், எதற்கும் காசைச் சுண்டிப் போட்டு முடிவெடுப்பவன். எல்லோரும் அவனை அரக்கனாகப் பார்க்கிற இடத்தில் மோன்டோயா மட்டும் ஹார்வி என்று கூப்பிட்டு மனிதனாக நடத்துகிறாள். அவனோ அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். பின்னால் வரப்போகிற பேரிடிக்கு விதை இங்கேதான் விழுகிறது. முழு 'நோ மேன்ஸ் லேண்ட்' மிகப் பெரியது, அது தேவையில்லை. இந்த உறவைச் சொல்கிற இரண்டு சிறுகதைகள் போதும்: பேட்மேன் க்ரானிக்கிள்ஸ் 16, டிடெக்டிவ் காமிக்ஸ் 747. இரண்டையும் எழுதியவர் கிரெக் ரக்கா.

இவற்றைத் தனித்தனியாகத் தேடிச் சிரமப்படவும் வேண்டாம். 2005இல் 'ஹாஃப் எ லைஃப்' என்ற தலைப்பில் ஒரு மெல்லிய தொகுப்பு வந்தது. 'கோத்தம் சென்ட்ரல்' என்ற தொடரின் 6 முதல் 10 வரையான இதழ்களோடு இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பின்னால் வந்த கோத்தம் சென்ட்ரல் பெரிய தொகுப்புகளில் முதலாவது 1 முதல் 10 வரை உள்ள இதழ்களைத் தருகிறது. வாங்க அதுதான் வசதி. ஆனாலும் அந்தப் பழைய மெல்லிய புத்தகத்துக்கு என் அலமாரியில் தனி மரியாதை உண்டு.

சரி, கோத்தம் சென்ட்ரல். எட் புரூபேக்கரும் கிரெக் ரக்காவும் சேர்ந்து எழுதி, மைக்கேல் லார்க் ஓவியத்தோடு தொடங்கிய தொடர். 2002 கடைசியிலிருந்து 2006 வரை 40 இதழ்கள். பேட்மேன் இருக்கிற ஊரில் சாதாரண போலீஸ்காரர்கள் எப்படி வேலை பார்ப்பார்கள் என்பதுதான் கதை. பேட்மேனை அபூர்வமாகத்தான் பார்ப்போம், அதுவும் பெரும்பாலும் நிழலாக. பகல் ஷிஃப்ட் கதைகளை ரக்கா எழுதினார், இரவு ஷிஃப்ட் கதைகளை புரூபேக்கர் எழுதினார். மோன்டோயாவும் அவளுடைய கூட்டாளி கிரிஸ்பஸ் ஆலனும் பகல் ஷிஃப்ட்.

முதல் ஐந்து இதழ்களை நிதானமாகப் படியுங்கள், ஆனால் மோன்டோயாவை மட்டும் தேடாதீர்கள். அந்த அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று பிடிபடுவதுதான் முக்கியம். ஒரு சின்ன விஷயம் பாருங்கள்: மொட்டை மாடியில் இருக்கிற, பேட்மேனைக் கூப்பிடுவதற்கான பேட்-சிக்னல் விளக்கைப் போலீஸ்காரர்கள் யாரும் போடக் கூடாது. ஸ்டேசி என்கிற தற்காலிக அலுவலகப் பணியாளர்தான் மேலே போய் சுவிட்சைத் தட்ட வேண்டும். சட்டப்படி போலீசுக்கும் பேட்மேனுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டுவதற்கான ஏற்பாடு. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அலுவலகம் அது. மோன்டோயா தன் வாழ்க்கையை மறைத்து வைத்திருப்பதும் அங்கேதான். 6ஆம் இதழுக்குள் போகும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

6 முதல் 10 வரை 'ஹாஃப் எ லைஃப்'. ரக்கா எழுதி லார்க் வரைந்தது. காமிக்ஸுக்குத் தருகிற ஐஸ்னர் விருதை 2004இல் சிறந்த தொடர்கதைக்காக வாங்கியது. ஒரே மாலையில், குறுக்கீடு இல்லாமல், ஐந்து இதழ்களையும் சேர்த்துப் படியுங்கள். பேருந்தில் போகும்போது, சாப்பாட்டு இடைவேளையில் என்று துண்டு துண்டாகப் படிக்கிற கதை இல்லை.

அப்புறம் இன்னொன்று. வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்கிறவர் நீங்கள் என்றால், படித்து முடித்ததும் பேசுவதற்கு ஒரு ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரவல் தரும்போது சிலரிடம் என் எண்ணையே எழுதிக் கொடுப்பேன். ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம் என்று சொல்வேன். கூப்பிட்டும் இருக்கிறார்கள்.

ஏனென்றால் கதையின் நடுவே இருக்கிற காட்சி இதுதான். மோன்டோயா வேலைக்கு வருகிறாள். அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம் குத்தப்பட்டிருக்கிறது. அதில் அவள் தன் காதலி டாரியாவை முத்தமிடுகிறாள். டாரியா ஒரு சமையல் கலைஞர். அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்வது இதுவரை அலுவலகத்துக்குத் தெரியாது. இனி எல்லோருக்கும் தெரியும். கத்தலோ அடிதடியோ இல்லாமல் நடக்கிற இந்த வன்முறையை லார்க் எப்படி வரைந்திருக்கிறார் என்று நின்று பாருங்கள். அச்சகத்தில் வேலை பார்ப்பதால் எனக்கு எப்போதும் கறுப்பு மைதான் முதலில் கண்ணில் படும். லார்க் முகங்களில் பாதியை அடர்ந்த நிழலில் போட்டுவிடுவார். கோத்தம் சென்ட்ரலில் வெளிச்சம் என்பது ஜன்னல் பட்டைகள் வழியாக, மேசை விளக்கிலிருந்து, கொஞ்சமாகத்தான் வரும். அந்த அரையிருட்டில் பழகியவளுடைய படம் பலகையில் எல்லோர் கண்ணுக்கும் வெட்டவெளிச்சமாகத் தொங்குகிறது. அந்தப் பக்கத்தில் வசனத்தை ஒரு முறை, பேச்சே இல்லாத முகங்களை ஒரு முறை என்று தனித்தனியாகப் பாருங்கள். யார் அவளை நேராகப் பார்க்கிறார்கள், யார் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதில் ஒவ்வொருவர் குணமும் தெரிந்துவிடும். ஆலன் அவள் பக்கம் நிற்கிறார். அந்த நட்பை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

படத்தைக் குத்தியது யார், பின்னணியில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு சொல்கிறேன்: ஒருத்தியிடமிருந்து வேலை, பெயர், குடும்பம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது நான்தான், என்னிடம்தான் வருவாள் என்று கணக்குப் போடுகிற ஒருவன் இருக்கிறான். அவளுடைய மனம் யாரை விரும்பும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை. நம்மூரில் ஒருதலைக் காதலை வீரமாகக் காட்டுகிற கதைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். ரக்கா அவனுக்காகப் பரிதாபப்பட வைக்கிறார், ஆனால் அவன் பக்கம் நியாயம் இருப்பதாக ஒரு வரியிலும் எழுதவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மோன்டோயாவின் அப்பா அம்மா தீவிர கத்தோலிக்கர்கள். மகளை ஏற்றுக்கொள்வதில்லை. கடைசிப் பக்கங்கள் அதைப் பற்றியவை. துப்பாக்கி, கடத்தல், பேட்மேன் எல்லாம் முடிந்து, கதை தீர்ந்துவிட்டது என்று நாம் மூச்சு விடுகிற நேரத்தில்தான் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள். வில்லனை வைக்காமல் அந்த வீட்டைக் கடைசியில் வைத்ததுதான் இந்தக் கதையின் துணிச்சல் என்று நினைக்கிறேன். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் சண்டை முடிந்தால் கதை முடிந்துவிடும். இங்கே முடிவதில்லை.

அதன் பிறகு வரும் இதழ்களை வேகமாகப் படிக்கலாம். ஸ்டேசியின் பார்வையில் சொல்லப்படும் 11ஆம் இதழ் அருமையானது. 12 முதல் 15 வரை ஜோக்கர் கதை, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊரையே நடுங்க வைப்பான், மூச்சு முட்டும். மற்றவற்றில் மோன்டோயா அதிகம் இல்லாதவற்றை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. விடக் கூடாதவை 23, 24, பிறகு 38, 39, 40. இவை இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். தடயவியல் பிரிவில் ஜிம் காரிகன் என்று ஒரு ஊழல் ஆசாமி. குற்றம் நடந்த இடத்துப் பொருட்களைத் திருடி விற்பவன். ஆலனைக் காப்பாற்ற வேண்டிய தடயம் ஒன்றை அவன் எடுத்துவிட, மோன்டோயா அவனை அடித்து உதைத்து அதை வாங்கி வருகிறாள். படிக்கும்போது நமக்கும் நன்றாக வேண்டும் அவனுக்கு என்று தோன்றும். அந்த அடிக்கு என்ன விலை என்று 38இல் தொடங்கித் தெரிய வரும். விலை ஆலன். 40ஆம் இதழின் முடிவில் அவள் பேட்ஜைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறாள்.

மோன்டோயாவை மாசு மருவில்லாத பெண்ணாக யாராவது உங்களிடம் அறிமுகப்படுத்தினால் நம்பாதீர்கள். கை நீட்டுகிறவள், குடிக்கிறவள், தன்னை நேசிப்பவர்களைத் தள்ளிவிடுகிறவள். லெஸ்பியன் பாத்திரம் என்பதற்காக அவளைத் தேவதையாக்காமல் இவ்வளவு குறையோடு எழுதியதற்காகவே எனக்கு இந்தத் தொடர் மேல் மதிப்பு. குறையாக எனக்குப் படுவது வேறு: டொமினிகன் குடும்பம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவின் கோபமாகவும் தேவாலயமாகவும் மட்டுமே வருகிறது. அந்த வீட்டின் சாப்பாடு, பாட்டு, சிரிப்பு இவற்றை இன்னும் காட்டியிருந்தால் அவள் இழந்தது எவ்வளவு என்று நமக்கு இன்னும் உறைத்திருக்கும்.

இப்போது முகமூடிக்கு வரலாம். '52' என்ற தொடர், 2006 மே முதல் 2007 மே வரை வாரம் ஒரு இதழாக 52 இதழ்கள். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் மூவரும் இல்லாத ஒரு வருடத்தில் உலகம் எப்படி ஓடுகிறது என்பது கதை. ஜெஃப் ஜான்ஸ், கிராண்ட் மாரிசன், மார்க் வெய்டு, ரக்கா என்று நான்கு பேர் சேர்ந்து எழுதியது. பல கதைகள் பின்னிக்கொண்டு ஓடும், புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறிவிடுவார்கள். என் யோசனை: மோன்டோயா இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். விண்வெளிக் கதை வந்தால் பக்கத்தைத் தள்ளுங்கள், பைத்தியக்கார விஞ்ஞானிகள் தீவு வந்தால் தள்ளுங்கள். கான்டாக் என்ற கற்பனை நாட்டை ஆள்கிற பிளாக் ஆடம் வருகிற பக்கங்களை மட்டும் தள்ளாதீர்கள், அந்தக் கதையும் இவள் கதையும் ஒரு கல்யாணத்தில் மோதுகின்றன.

முதல் வாரத்தில் அவள் குடித்துக் கிடக்கிறாள். வேலை இல்லை, ஆலன் இல்லை, டாரியாவும் பக்கத்தில் இல்லை. முகமில்லாத ஒருவர் வந்து பேட்-சிக்னல் மேல் கேள்விக்குறி வரைந்து அவளை இழுக்கிறார். அவர்தான் முதல் கொஸ்டின், விக் சேஜ். ஸ்டீவ் டிட்கோ 1967இல் உருவாக்கிய பாத்திரம். '52'இல் தன்னை சார்லி என்று சொல்லிக்கொள்கிறார். 7ஆம் வாரத்தில் மோன்டோயாவின் பழைய காதலி கேட் கேன் வருகிறாள், பேட்வுமன் அவள்தான். 16ஆம் வாரம் கான்டாக் நாட்டில் அந்தக் கல்யாணம், மோன்டோயா எடுக்கிற ஒரு முடிவு, அதைப் படித்துவிட்டு உடனே அடுத்ததற்குப் போக முடியாது. 38ஆம் வாரம் பனிமலையில் சார்லி இறக்கிறார், நுரையீரல் புற்றுநோய். 48ஆம் வாரம் அவள் முகமூடியை அணிகிறாள்.

சார்லியின் பகுதிகளை ரசித்துப் படியுங்கள். ஒரு ஆணும் ஒரு லெஸ்பியன் பெண்ணும் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், அதில் காதல் என்ற பேச்சே கிளம்புவதில்லை. அவர் அவளைத் திருத்தப் பார்க்கவில்லை, நீ யாராக ஆகப்போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். டூ-ஃபேஸ் செய்ததற்கு நேர் எதிர். அதனால்தான் 'ஹாஃப் எ லைஃப்' முதலில், '52' அடுத்து என்று அடம் பிடிக்கிறேன்.

அந்த முகமூடி சூடோடெர்ம் என்ற செயற்கைத் தோல். பேராசிரியர் ராடர், டாட் என்று கூப்பிடுவார்கள், அவரும் இன்னொரு விஞ்ஞானியும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு வாயுவால் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் அறிவிப்புப் பலகையை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவன் அவள் அனுமதியில்லாமல் அவள் முகத்தை எடுத்து ஊர் பார்க்கக் குத்திவைத்தான். இப்போது அவளே தன் முகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறாள். ஒளிந்துகொள்வதற்கு இல்லை, காதலி யார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். யாருக்கு எப்போது முகம் காட்டுவது என்பதை இனி அவள் தீர்மானிப்பாள். கதாசிரியர் இதை எங்கேயும் வசனமாக எழுதவில்லை. வரிசையாகப் படித்தவருக்குத் தானாகத் தெரியும்.

அதற்குப் பின்னால் வருவதில் எல்லாம் ஒரே தரமில்லை. 'க்ரைம் பைபிள்' ஐந்து இதழ்கள், 2007இல் தொடங்கியது, இருட்டுக் கதை பிடிக்கும் என்றால் படிக்கலாம். 'ஃபைனல் க்ரைசிஸ்: ரெவலேஷன்ஸ்' 2008, ஆலன் வேறு வடிவத்தில் வருவதற்காகப் பார்க்கலாம், ஆனால் பெரிய நிகழ்வுக் கதைகளோடு பின்னியிருப்பதால் தனியாக நிற்காது. 'பைப்லைன்' மட்டும் கட்டாயம். 2009இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 854இலிருந்து பேட்வுமன் கதைக்குப் பின்னால் எட்டு எட்டுப் பக்கங்களாக வந்தது. ரக்கா எழுத்து, கல்லி ஹேம்னர் ஓவியம். காணாமல் போன தங்கையைத் தேடச் சொல்லி ஒரு அண்ணன் வருகிறான், மோன்டோயா ஆட்கடத்தல் கும்பலின் வாலைப் பிடித்துக்கொண்டு தலை வரை போகிறாள். அவள் டாட் உடன் ஒரு கலங்கரை விளக்கத்தில் வசிக்கிறாள். லார்க்கின் நிழலில் பழகிய கண்ணுக்கு ஹேம்னரின் சுத்தமான கோடுகள் முதலில் ஒட்டாது. இரண்டு அத்தியாயம் பொறுங்கள். அவற்றில் தொடக்க இதழ்களின் முன்பகுதியில் ஜே. ஹெச். வில்லியம்ஸ் வரைந்த பேட்வுமனும் இருக்கிறாள். ஒரே இதழில் முன்னும் பின்னும் இரண்டு லெஸ்பியன் நாயகிகள். 2009இல் அது பெரிய விஷயம்.

2011இல் இந்த காமிக்ஸையெல்லாம் வெளியிடுகிற டிசி நிறுவனம் தன் இதழ்களையெல்லாம் புதிதாகத் தொடங்கியபோது மோன்டோயாவைக் காணோம். பேட்வுமன் இதழில் இறந்த போலீஸ்காரர்களின் படங்களுக்கு நடுவே அவள் படம் தொங்கியது, வேறு விளக்கம் இல்லை. விசிறிகளுக்கு அது வலித்தது, எனக்கும்தான். 2015இல் டிடெக்டிவ் காமிக்ஸ் 41இல் மறுபடி போலீசாக உயிரோடு வந்தாள். அந்த இடைவெளியை விளக்க முயலாதீர்கள், தாண்டிப் போய்விடுங்கள். அடுத்து 2019இல் ரக்கா எழுதிய 'லோயிஸ் லேன்', 12 இதழ்கள். பத்திரிகையாளரான லோயிஸுக்குத் துணையாக மோன்டோயா மறுபடி முகமூடியில். அதன் பின் கோத்தம் கமிஷனர் பதவி வரை போகிறாள். 2024இல் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' ஆறு இதழ்கள், கியூபா வம்சாவளி எழுத்தாளர் அலெக்ஸ் செகுரா எழுதி சியன் டார்மி வரைந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்ணின் கதை அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர் கைக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம். இவ்வளவு புத்தகங்களைத் தாண்டி வந்தவருக்கு அது நல்ல ஓய்வான வாசிப்பு.

2020இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' படத்தில் ரோஸி பெரஸ் மோன்டோயாவாக நடித்திருக்கிறார். உயர்வு கிடைக்காமல் ஓரங்கட்டப்பட்ட, நடுவயது துப்பறிவாளர். படத்தை எப்போது வேண்டுமானாலும் பாருங்கள், வரிசையைக் கெடுக்காது. பெரஸின் அந்த அலுத்துப்போன முகம் நான் படித்த மோன்டோயாவுக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கோத்தம் சென்ட்ரல் முதல் தொகுப்பு. இரண்டாவதுக்கு வழி பிறந்தால் நான்காவது தொகுப்பு, 'காரிகன்' என்று தலைப்பு, 32 முதல் 40 வரை. 23, 24 அதில் இருக்காது, மூன்றாவது தொகுப்பில் இருக்கிறது, அதை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். '52' நூலகத்திலோ டிஜிட்டலிலோ கிடைத்தால் அப்படியே படிக்கலாம், அந்த அச்சில் லார்க்கின் கறுப்பைப் போல இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் 'ஹாஃப் எ லைஃப்' மட்டும் காகிதத்தில் படியுங்கள், ஃபோன் திரையில் அந்த நிழல்கள் எல்லாம் சாம்பல் ஆகிவிடும்.